நான்காவது தகடு

வீட்டின் பின்கட்டிலோ கார் நிறுத்தும் இடத்திலோ ஒரு மேசை, ஒரு வைஸ், ஒரு சின்ன லேத், ஒரு டிரில்லிங் மெஷின் என்று வைத்துக்கொண்டு இரும்பிலும் பித்தளையிலும் எதையாவது செய்துகொண்டிருப்பவர்கள் நம்மிடையே கணிசமாக இருக்கிறார்கள். சிலருக்கு அது பொழுதுபோக்கு. சிலருக்குப் பகுதிநேர வருமானம். சிலருக்கு இரண்டும் கலந்தது. எது எவ்வளவு என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். இவர்கள் எல்லோர் மனத்திலும் இப்போது ஒரே கேள்வி ஓடுகிறது: கணினி ஓட்டும் வெட்டு இயந்திரம், அதாவது ஒரு சிஎன்சி, வாங்கிப் போட்டுவிடலாமா? இந்தக் கேள்வி பெரும்பாலும் விலையில் தொடங்கி, எந்த கம்பெனி என்பதில் முடிந்துவிடுகிறது. நடுவில் கேட்டிருக்க வேண்டிய ஒன்று விட்டுப்போகிறது. கணினி அந்த இயந்திரத்துக்குள் உட்கார்ந்துகொண்டு உண்மையில் என்ன வேலை பார்க்கிறது? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணினி இயந்திரத்துக்குத் துல்லியத்தைக் கொடுப்பதில்லை. அது கொடுப்பவை இரண்டு. ஒருமுறை சொன்னதை அலுக்காமல் திரும்பத் திரும்பச் செய்வது ஒன்று. இரண்டு மூன்று அச்சுகளை ஒரே நேரத்தில் நகர்த்தி, கைச்சக்கரத்துக்கு வசப்படாத வளைவுகளை வெட்டுவது இன்னொன்று. இதற்குக் கூலியாக, வெட்டத் தொடங்கும் முன்பே உங்கள் நேரத்தில் ஒரு பெரிய பங்கை எடுத்துக்கொள்கிறது. ஆகவே உங்கள் பட்டறையில் திரும்பச் செய்ய வேண்டியதோ, கைக்கு வராத வளைவோ எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துத்தான் இந்த முடிவுக்கு வர வேண்டும். இன்று நான் பேசப்போவது இதைப் பற்றித்தான்.

இந்த இயந்திரம் பிறந்த கதையே இதற்குச் சாட்சி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டிராவர்ஸ் சிட்டி என்ற ஊரில் ஜான் பார்சன்ஸ் என்பவரின் தொழிற்கூடம் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துவந்தது. இறக்கையின் குறுக்குவெட்டு ஒரு வளைவு. அதற்கான டெம்ப்ளேட்டை வெட்ட வேண்டும். வளைவின் மேல் சில புள்ளிகளைக் குறித்துவிட்டு நடுவில் கையால் இழைத்துச் சேர்ப்பது பழைய முறை. பார்சன்ஸும் ஃபிராங்க் ஸ்டூலன் என்ற பொறியாளரும், துளை அட்டைகளை ஓட்டும் ஐபிஎம் இயந்திரங்களைக் கொண்டு வளைவின் மேல் மிக நெருக்கமான புள்ளிகளைக் கணக்கிட்டு எடுத்தார்கள். பிறகு மில்லிங் இயந்திரத்தின் இரண்டு கைச்சக்கரங்களிலும் ஆட்களை நிறுத்தி, எண்களை வாசிக்க வாசிக்கத் திருப்பச் செய்தார்கள். அந்த ஆட்களின் இடத்தில் மோட்டாரை வைத்தால் என்ன என்ற யோசனைதான் 1949-இல் அமெரிக்க விமானப்படையின் ஒப்பந்தமாகி, எம்ஐடி பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்துக்குப் போய், 1952-இல் ஒரு சின்சினாட்டி மில்லிங் இயந்திரத்தின் மேல் செயல்விளக்கமாக வந்து நின்றது. துளையிட்ட காகித நாடா கட்டளை கொடுத்தது. வால்வுகள் நிரம்பிய அலமாரிகள் பக்கத்தில் நின்றன. கவனியுங்கள், சாதாரண நேர்க்கோட்டு வேலையில் யாருக்கும் அன்று குறை இருக்கவில்லை. ஒரு வளைவு கைக்கு அடங்கவில்லை. அதற்காகத்தான் இவ்வளவு பாடும். இன்று அதே தொழில்நுட்பம் சோப்புப் பெட்டி அளவு மின்பலகைக்குள் வந்துவிட்டது. 2009-இல் வெளிவந்த ஜிஆர்பிஎல் என்ற இலவச மென்பொருள், ஒரு சாதாரண ஆர்டுயினோ பலகையை மூன்று அச்சுகளை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கருவியாக்கிவிட்டது. விலை இறங்கியது உண்மை. ஆனால் வேலையின் சுபாவம் மாறவில்லை.

துல்லியம் என்ற பேச்சுக்கு முதலில் வருவோம். வாங்குகிறவர்களில் அதிகம் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். விளம்பரத்தில் மைக்ரான் கணக்கு போட்டிருப்பார்கள். அது எங்கிருந்து வருகிறது? வழக்கமான ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படிகள் நகரும். அது 5 மி.மீ. பிட்ச் உள்ள ஸ்க்ரூவைத் திருப்பினால், ஒரு படிக்கு 0.025 மி.மீ.; டிரைவரில் அதைப் பத்தாக உடைத்தால் 0.0025 மி.மீ., அதாவது இரண்டரை மைக்ரான். கணக்கு சரிதான். ஆனால் அது மோட்டார் எவ்வளவு நுணுக்கமாகத் திரும்பச் சொல்லப்பட்டது என்ற கணக்கு மட்டுமே. கட்டர் எங்கே நிற்கிறது என்பது வேறு விஷயம். ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் இடையில் ஆட்டம் இருந்தால், சட்டம் வளைந்தால், கட்டர் வளைந்தால், அந்த இரண்டரை மைக்ரானைப் பேப்பரில்தான் தேட வேண்டும்.

ஆட்டம் என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். பழைய மில்லிங் இயந்திரத்தில் கைச்சக்கரத்தைத் திருப்பிப் பாருங்கள். திசை மாற்றும்போது சக்கரம் கொஞ்ச தூரம் வெறுமனே சுற்றும், டேபிள் நகராது. அனுபவமுள்ள கை அதை ஒரு குறையாகவே எடுத்துக்கொள்வதில்லை. எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வந்து அளவைப் பிடிக்கும்; தாண்டிவிட்டால் முழுதாகப் பின்னால் போய் மறுபடி வரும். அதே இயந்திரத்தில் சக்கரத்தைக் கழற்றிவிட்டு மோட்டாரை மாட்டி ஒரு வட்டம் வெட்டச் சொல்லுங்கள். வட்டத்தில் ஒவ்வொரு கால்பாகத்திலும் ஏதோ ஓர் அச்சு திசை மாறியாக வேண்டும். மாறும் அந்தக் கணத்தில் ஒரு ஸ்க்ரூ ஆட்டத்தைக் கடந்துகொண்டிருக்கும். டேபிள் அந்தத் திசையில் சும்மா நிற்கும். மற்ற அச்சு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். வேலை முடிந்த வட்டத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், மேலே, கீழே, இடம், வலம் என நாலு இடத்தில் சின்னத் தட்டை தெரியும். விரல் நகத்தால் தடவினாலே தட்டுப்படும். மென்பொருளில் இதற்கு ஈடுகட்டும் வசதி உண்டே என்பார்கள். உண்டு. ஆட்டத்தின் அளவைச் சொல்லிவிட்டால், திசை மாறும்போது மோட்டார் அவ்வளவு கூடுதலாகத் திரும்பும். ஆனால் வெட்டும்போது கட்டர் டேபிளைத் தள்ளுகிறதே, அந்தத் தள்ளலில் டேபிள் ஆட்டத்துக்குள் முன்னும் பின்னும் போய்வருவதை எந்த மென்பொருளும் பிடித்து நிறுத்தாது. பால் ஸ்க்ரூ போட்டால்தான் இது தீரும். அதற்கும் ஒரு பக்கவிளைவு இருக்கிறது. பால் ஸ்க்ரூ எளிதாக உருளும். மோட்டாரில் மின்சாரம் இல்லாதபோது டேபிளைக் கையால் தள்ளினாலே ஸ்க்ரூ திரும்பிவிடும். சில நேரம் கையாலும் ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைத்து மாற்றியவர்களுக்கு இது ஒரு தலைவலி.

ஆட்டத்தைவிடப் பெரிய விஷயம் விறைப்பு. ஒரு முனையில் பிடித்த கம்பியின் மறுமுனையைத் தள்ளினால் எவ்வளவு வளையும் என்பதற்குப் பள்ளிக்கூடக் கணக்கு உண்டு. நீளம் இரட்டித்தால் வளைவு எட்டு மடங்கு. விட்டம் பாதியானால் வளைவு பதினாறு மடங்கு. 6 மி.மீ. எண்ட் மில்லை கோலெட்டிலிருந்து 15 மி.மீ. நீட்டுவதற்குப் பதில், கிளாம்ப் இடிக்கிறதே என்று 30 மி.மீ. நீட்டினால், அதே விசைக்கு எட்டு மடங்கு வளைகிறது. இயந்திரத்தின் தூணுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் இதே கணக்குதான். அதனால்தான் தொழிற்சாலையில் இருக்கும் சின்ன விஎம்சி (சிஎன்சி மில்லிங் இயந்திரம்) கூட டன் கணக்கில் எடை போடுகிறது. வீட்டுக்கென்று விற்கும் 3018 வகை இயந்திரங்கள், பெயரே சொல்வதுபோல, 30 சென்டிமீட்டருக்கு 18 சென்டிமீட்டர் மேசை கொண்டவை. அலுமினியச் சட்டங்கள், ஒரு சிறு டிசி மோட்டார். மரம், மெழுகு, அக்ரிலிக், மின்சுற்றுப் பலகை, பித்தளையில் மேலாகப் பொறிக்கும் எழுத்து, இவற்றுக்கு அவை நல்ல இயந்திரங்கள். அவற்றை இரும்பு வெட்டக் கேட்பது ஸ்கூட்டரில் நெல் மூட்டை ஏற்றுவதுபோல. இரண்டு மூன்று ஏற்றலாம்தான்.

இதோடு சுற்றுவேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். மரவேலை ரவுட்டர்களில் வரும் ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 24,000 சுற்று ஓடும். 6 மி.மீ. கட்டர் அந்த வேகத்தில் ஓடினால் அதன் விளிம்பு நிமிடத்துக்கு 450 மீட்டருக்கு மேல் போகிறது. சாதாரண இரும்பை ஹெச்எஸ்எஸ் கட்டரால் வெட்ட நிமிடத்துக்கு 25 மீட்டர் போதும். அதாவது சுமார் 1,300 சுற்று. வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாமே என்றால், அந்த ஸ்பிண்டில்களுக்குக் குறைந்த வேகத்தில் வலு இருப்பதில்லை. கட்டர் வெட்டாமல் தேய்க்கும், நீலம் பாயும், அடுத்து கடையில் போய் நிற்க வேண்டியதுதான். ஆக, என்ன உலோகம் வெட்டப் போகிறோம் என்று தீர்மானிக்காமல் இயந்திரம் தேடுவதில் அர்த்தமே இல்லை.

இனி நேரத்தின் கணக்கு. என் வாதத்தின் முதுகெலும்பு இதுதான் என்பதால் ஒரு துண்டை எடுத்துவைத்துக்கொண்டு பேசுகிறேன். நெமா 23 அளவு ஸ்டெப்பர் மோட்டாரைப் பொருத்தும் அலுமினியத் தகடு. நடுவில் 38.1 மி.மீ. துளை; அதைச் சுற்றி 47.14 மி.மீ. சதுரத்தின் மூலைகளில் நான்கு போல்ட் துளைகள். கையால் செய்பவர் என்ன செய்வார்? தகட்டை வைஸில் பிடித்து, விளிம்பைக் கண்டுபிடித்து, நடுவைப் பிடித்து, சென்டர் டிரில் போட்டு, நான்கு துளையும் போட்டு, நடுத்துளையை போரிங் ஹெட்டால் அளந்து அளந்து பெரிதாக்குவார். பழகிய கைக்கு நாற்பது நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். கணினிக்காரர் படம் வரைய வேண்டும். வெட்டும் பாதையை உருவாக்கும் கேம் மென்பொருளில் எந்த கட்டர், எந்த ஆழம், எந்த வேகம் என்று பாதை போட வேண்டும். தகட்டின் மேல் கட்டர் ஓடும்போது இடிக்காதபடி பிடிமானம் யோசிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டரின் நீளத்தையும் அளந்து கொடுக்க வேண்டும். முதல் ஓட்டத்தைக் காற்றில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பழகியவருக்கே இரண்டு மணி நேரம் ஆகும் என்று கொள்வோம். அதன் பிறகு தகட்டுக்கு எட்டு நிமிடம். இப்போது கூட்டிப் பாருங்கள். மூன்று தகடு என்றால் கைக்கு 120 நிமிடம், கணினிக்கு 144. நான்கு தகடு என்றால் கைக்கு 160, கணினிக்கு 152. நான்காவது தகட்டில்தான் தராசு சாய்கிறது. புதிதாகக் கற்பவருக்கு அந்த இரண்டு மணி நேரம் எளிதாக ஆறு மணி நேரமாகும். அப்போது பன்னிரண்டாவது தகடு வரை காத்திருக்க வேண்டும். இந்த நிமிடங்கள் எல்லாம் நான் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை. உங்கள் நிமிடங்களை நீங்கள் போட்டுக்கொள்ளலாம். ஆனால் எந்த எண்ணைப் போட்டாலும், ஒரு வேலையை எத்தனை தரம் செய்யப் போகிறீர்கள் என்ற கேள்வி நடுவில் வந்து நிற்கும். வீட்டுப் பட்டறையில் நடக்கும் வேலைகளில் பெரும்பாலானவை ஒன்றே ஒன்று செய்பவை. மிக்ஸிக்கு ஒரு புஷ், பம்புக்கு ஒரு ஷாஃப்ட், கேட்டுக்கு ஒரு கொக்கி.

இந்தக் கணக்குக்கு எதிராக ஒரு நல்ல கேள்வி வரும், வர வேண்டும். போட்ட புரோகிராம் எங்கே போகிறது, அடுத்த வருடம் அதே தகடு வேண்டும் என்றால்? நியாயம். அப்போது படமும் பாதையும் தயார். பிடிமானமும் கட்டர் அளவும் மட்டுமே பாக்கி. அதற்கு அரைமணி என்றால், ஒரே தகட்டுக்குக்கூட கணினி 38 நிமிடத்தில் முடித்துவிடும். எனவே ஒரே வகைத் துண்டுகளை வருடக்கணக்கில், விட்டு விட்டாவது, செய்பவருக்கு என் நான்காவது தகடு செல்லாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் புரோகிராமை மட்டும் அல்லாமல் பிடிமான ஜிக்கையும், எந்த கட்டரால் வெட்டினோம் என்ற குறிப்பையும் பத்திரப்படுத்தியிருக்க வேண்டும். மென்பொருளும் அப்படியே இருக்க வேண்டும், அது நம் கையில் இல்லை. பொழுதுபோக்காளர்கள் பெரிதும் நம்பியிருந்த ஃபியூஷன் 360-இன் இலவசத் தனிநபர் உரிமத்தில் 2020-இல் பல வசதிகள் குறைக்கப்பட்டன. வெட்டாமல் ஓடும் நகர்வுகள்கூட மெதுவாக்கப்பட்டன. மேக்3 என்ற மென்பொருளைப் பேரலல் போர்ட் வழியாக ஓட்டியவர்கள், 32-பிட் விண்டோஸ் உள்ள பழைய கணினியைக் காப்பாற்றிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் 1946-இல் வெளிவந்த மைஃபோர்டு எம்எல்7 லேத்துகள் இன்றும் வீட்டுப் பட்டறைகளில் ஓடுகின்றன. பெட்டைத் துடைத்து எண்ணெய் விட்டால் போதும், அதற்கு அப்டேட் தேவையில்லை. ஃப்ரீகேட், லினக்ஸ்சிஎன்சி போன்ற திறந்த மென்பொருள்கள் இந்தக் கவலையைக் குறைக்கின்றன. கற்றுக்கொள்ளக் கூடுதல் பொறுமை கேட்கும், அவ்வளவுதான்.

அடுத்த எதிர்வாதம் இன்னும் வலுவானது. எண்ணிக்கையை விடுங்கள், கையால் செய்யவே முடியாத உருவம் என்றால்? அப்போது ஒன்றே ஒன்று என்றாலும் கணினிதான். பார்சன்ஸின் இறக்கை வளைவே அதற்கு முன்னோடி. ஒரு கேம் சக்கரம், ஒரு அச்சு வார்ப்புக்கான குழி, கடிகார முகப்பில் எழுத்து, சிலை வார்ப்புக்கு மெழுகு மாதிரி, இவையெல்லாம் கைச்சக்கரத்துக்கு எட்டாதவை. பற்சக்கரத்தையும் இதில் சேர்க்கலாம். அங்குல லீட் ஸ்க்ரூ உள்ள பழைய லேத்தில் மில்லிமீட்டர் மரை வெட்ட 127 பல் உள்ள சக்கரம் வேண்டும், ஏனென்றால் ஓர் அங்குலம் 25.4 மி.மீ.; அதை ஐந்தால் பெருக்கினால்தான் முழு எண் வருகிறது, 127. இந்த எண் பகா எண். வழக்கமான டிவைடிங் ஹெட்டில் கைப்பிடி நாற்பது சுற்று சுற்றினால் வேலை ஒரு சுற்று திரும்பும். துளைத்தட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டாலும் நேரடியாக 127 வராது. கூடுதல் கியர்களைக் கோத்துச் சுற்றுவழி போக வேண்டும். நான்காவது அச்சுள்ள கணினி இயந்திரத்துக்கு 127-உம் ஒன்றுதான், 60-உம் ஒன்றுதான். 360-ஐ வகுத்துவிட்டுத் திரும்பும். இப்படிப்பட்ட வேலைதான் உங்கள் ஆசை என்றால் என் கணக்கையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு வாங்குங்கள்.

ஆனால் ஆசை வேறு, வேலை வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். வளைவு தேவைப்படும் துண்டுகளில் பல தகட்டு வேலையாக இருக்கும். தகட்டு வேலைக்கு லேசர் கட்டிங் கடை இருக்கிறது. பிளாஸ்டிக் போதும் என்றால் முப்பரிமாண அச்சுப்பொறி இருக்கிறது. கோயம்புத்தூரில் கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ இருப்பவர், நடந்து போகும் தூரத்தில் ஜாப் ஆர்டர் எடுக்கும் சிஎன்சி பட்டறையைப் பார்த்துவிடலாம். படத்தைக் கொடுத்தால் துண்டு வரும். இப்படிப்பட்ட ஊரில் வீட்டுக்குள் ஒரு கணினி இயந்திரத்தின் அவசியம் குறைகிறது. தொழில்பட்டறையே இல்லாத சிறு ஊரில் இருப்பவருக்கு அதே இயந்திரம் கூடுதலாகப் பயன்படும். ஜாப் ஆர்டர் பட்டறையில் ஒற்றைத் துண்டு கொண்டுபோனால் மதிக்கமாட்டார்கள் என்ற குறை உண்டு, அது உண்மையும்கூட. அவர்களுக்கும் செட்டிங் நேரம் என்று ஒன்று இருக்கிறதல்லவா; அவர்கள் போடுவதும் இதே நான்காவது தகட்டுக் கணக்குதான்.

லேத்துக்கும் மில்லிங்குக்கும் இந்த விஷயத்தில் ஒரே தீர்ப்பு கொடுக்கக் கூடாது. வீட்டில் ஒரு லேத் செய்யும் வேலை பெரும்பாலும் உருளையும் முகமும் துளையும்தான். அதைக் கை மிக வேகமாகச் செய்துவிடும். மரை வெட்டுவது ஒன்றுதான் தொல்லை, சேஞ்ச் கியர் மாற்ற வேண்டும். அதற்கு முழு சிஎன்சி தேவையில்லை. ஸ்பிண்டிலில் ஒரு என்கோடர் வைத்து லீட் ஸ்க்ரூவை மட்டும் மோட்டாரால் ஓட்டும் ஏற்பாடு போதும். மில்லிங்கில் கணினியின் லாபம் அதிகம், வளைவுகள் பிறக்கும் இடம் அதுதான். அங்கும் ஒரு நடுவழி இருக்கிறது: டிஆர்ஓ. டேபிளில் ஸ்கேல் ஒட்டி, அது நிற்கும் இடத்தை எண்ணாகக் காட்டும் கருவி. ஸ்க்ரூவின் ஆட்டத்தை அது சட்டைசெய்வதில்லை, ஏனென்றால் ஸ்க்ரூவை அளக்காமல் டேபிளையே அளக்கிறது. வட்டத்தில் ஆறு துளை வேண்டும் என்றால் கணக்கும் போட்டுக் கொடுக்கும். நான் சொன்ன மோட்டார் தகட்டை டிஆர்ஓ உள்ள மில்லிங்கில் செய்தால் நாற்பது நிமிடம் இன்னும் குறையும், நான்காவது தகடு ஆறோ ஏழோ ஆகிவிடும். சிஎன்சி பற்றி யோசிக்கும் பத்துப் பேரில் பலருக்கு உண்மையில் வேண்டியது டிஆர்ஓதான் என்பது என் துணிபு. கவர்ச்சி இல்லாத பொருள். அதனால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

கைத்திறன் இல்லாதவர்க்குத்தானே சிஎன்சி, பழகாத ஒருவர் நேராக இதில் தொடங்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு என் பதில் இது: கைச்சக்கரம் பிடித்தவரின் காது முதலில் வேலை செய்யும். கட்டர் கத்தினால் கை தானாகத் தளரும். சுருள் நீலமாக வந்தால் வேகம் குறையும். வைஸில் வேலை லேசாக நழுவினால் விரலுக்குத் தெரியும். கணினிக்கு இதில் ஒன்றும் தெரியாது. வீட்டு இயந்திரங்களில் பெரும்பாலானவற்றில் மோட்டாருக்குப் போகும் கட்டளை ஒருவழிப் பாதை; மோட்டார் திணறிப் படியைத் தவறவிட்டால்கூட கட்டுப்பாட்டுக் கருவி, எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டு மீதி வேலையை முழுவதும் தள்ளிப்போன இடத்தில் வெட்டிக்கொண்டிருக்கும். புரோகிராமில் ஒரே ஒரு வரி தவறினால் போதும். ஜி0 என்றால் முழு வேகத்தில் போ. இசட் அச்சை மேலே தூக்கும் வரி விடுபட்டு, எக்ஸ் திசைக்கு ஜி0 வந்துவிட்டால், கட்டர் கிளாம்பின் வழியாகவே போகப் பார்க்கும். அந்தச் சத்தத்தை ஒரு முறை கேட்டவர் அதன் பிறகு சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில்தான் நிற்பார். எந்த ஆழம் அதிகம், எந்தப் பிடிமானம் நழுவும், எந்த உலோகம் கட்டரில் ஒட்டும் என்ற அறிவு கேம் மென்பொருளில் நிரப்ப வேண்டிய கட்டங்களாக வருகிறது. அந்தக் கட்டங்களில் எழுத வேண்டிய எண் கையால் வெட்டியவருக்குத்தான் தோன்றும். அட்டவணையைப் பார்த்து எழுதலாம். ஆனால் அட்டவணை பெரும்பாலும் கனமான தொழிற்சாலை இயந்திரத்தை மனத்தில் வைத்துப் போட்டது.

வீடு என்ற சொல்லையும் மறந்துவிடக் கூடாது. 2.2 கிலோவாட் ஸ்பிண்டில் ஒரு பெரிய வாட்டர் ஹீட்டர் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். ஒற்றை ஃபேஸில் விஎஃப்டி என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வைத்து ஓட்டலாம். ஆனால் விஎஃப்டியிலிருந்து எர்த்துக்குக் கசியும் சிறு மின்னோட்டத்தால் வீட்டின் ஆர்சிசிபி, அதாவது கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச், அடிக்கடி விழும். அந்தப் பாதுகாப்பையே துண்டித்துவிட்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். அதற்கேற்ற வகை ஆர்சிசிபியும் தனி இணைப்பும் எலக்ட்ரீஷியனிடம் கேட்டுப் போடுங்கள். கூலி வாங்கி வேலை செய்வதானால் வீட்டு மின்கட்டண வகை பொருந்துமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு சத்தம். கை லேத் ஓடி நிற்கும், ஓடி நிற்கும்; ரவுட்டர் மூன்று மணி நேரம் ஒரே சுருதியில் அலறும், அதுவும் நீங்கள் வேலையிலிருந்து வந்த பின் இரவில். எம்டிஎஃப் பலகையின் தூள் மூச்சுக்கு நல்லதல்ல. கூலண்ட் தெளித்தால் சுவரெல்லாம் வழியும். இதற்கெல்லாம் மூடிய பெட்டியும் உறிஞ்சும் கருவியும் வேண்டும், அவை விலைப்பட்டியலில் இருப்பதில்லை. வைஸ், கோலெட், கட்டர், டயல் கேஜ், இவையும் இருப்பதில்லை. இயந்திரத்தின் விலையை மொத்தச் செலவாக எண்ணுவது, மனை விலையை வீட்டு விலையாக எண்ணுவதற்குச் சமம்.

போட்ட பணத்தைச் சம்பாதித்து எடுத்துவிடலாம் என்ற கணக்குக்கு வருவோம். உலோகத்தில் அது கடினம். டன் கணக்கில் எடையுள்ள விஎம்சி ஒரே தடவையில் எடுக்கும் ஆழத்தை, அறுபது கிலோ மேசை இயந்திரம் பத்துப் பதினைந்து தடவையில் எடுக்கும். மணிக்கணக்கில் கூலி போட்டால் நிற்க முடியாது. மரத்தில் கதை வேறு. பூஜை அறைக் கதவிலும் வாசல் நிலையிலும் ரவுட்டரால் செதுக்கிய வேலைப்பாடு தமிழ்நாட்டில் எங்கும் பரவிவிட்டது. பெயர்ப்பலகை, வார்ப்புக்கு மரமாதிரி, பித்தளையில் முத்திரை, இவற்றுக்கும் கேட்பவர் உண்டு. இங்கே வெட்டுவிசை குறைவு, உருவம் சிக்கல், ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம். கணினி தன் இரண்டாவது குணத்தை முழுதாகக் காட்டும் இடம் இது. வீட்டுக்கு வரும் சிஎன்சியில் நான் தயங்காமல் சரி என்பது இந்த வகைதான். கையால் செதுக்கும் தச்சரின் பிழைப்பை இது கெடுக்கிறதே என்ற வருத்தம் நியாயமானது. ஆனால் அதை வீட்டுப் பட்டறைக்காரரின் கணக்கில் எழுத முடியாது, பெரிய கடைகள் எப்போதோ எழுதிவிட்டன.

நிமிடம் எண்ணுவது எதற்கு, எங்களுக்கு இது பொழுதுபோக்குதானே என்று கேட்டால், அப்போதும் நிமிடங்களைத்தான் பார்க்கச் சொல்வேன், வேறு கண்ணோடு. எந்த நிமிடங்கள் உங்களுக்கு இன்பம்? சக்கரத்தைத் திருப்பி, சுருள் உரிந்து வருவதைப் பார்ப்பதா, திரையில் பாதை போட்டுத் திருத்துவதா? இரண்டும் நல்ல பொழுதுபோக்குகள், ஆனால் வேறு வேறு. கை இயந்திரத்தை மோட்டார் போட்டு மாற்றுகிறவர்களில் ஒரு பகுதியினர் மாற்றுவதிலேயே வருடங்களைக் கழிப்பார்கள். இயந்திரம் முடிந்ததும் செய்ய வேறொன்றும் தோன்றாமல் அடுத்த இயந்திரத்தைத் தொடங்குவார்கள். அவர்களைக் கேலி செய்ய நான் வரவில்லை. இயந்திரம் செய்வதே தங்கள் வேலை என்று தெரிந்து இறங்கினால் அவர்கள் ஏமாறுவதில்லை.

இளைஞர்கள் கற்றுக்கொள்ள வீட்டில் ஒன்று இருந்தால் நல்லதுதானே என்ற கடைசி வாதத்துக்கு, இயந்திரம் இல்லாமலே பாதி கற்றுக்கொள்ளலாம் என்பது என் பதில். லினக்ஸ்சிஎன்சி எந்த மோட்டாரும் இல்லாமல் திரையிலேயே ஓடிக் காட்டும். அதற்கும் முன்னால், ஒரு கிராஃப் தாளை எடுத்து வைஸையும் கிளாம்பையும் அளவுக்கு வரைந்துகொள்ளுங்கள். நான் சொன்ன மோட்டார் தகட்டுக்கு, நடுத்துளைக்கும் நான்கு போல்ட் துளைகளுக்கும் புரோகிராமைக் கையால் எழுதுங்கள். இருபது வரிக்கு மேல் போகாது. இன்னொருவர் வரி வரியாகப் படிக்கட்டும், பார்சன்ஸின் ஆட்கள் கேட்டதுபோல. நீங்கள் பென்சிலை எக்ஸ், ஒய் எண்களுக்கு நகர்த்துங்கள். இசட் மேலே என்றால் பென்சிலைத் தூக்குங்கள், கீழே என்றால் தாளில் வையுங்கள். எழுதியதை மட்டுமே செய்ய வேண்டும், நினைத்ததைச் செய்யக் கூடாது. மூன்றாவது துளைக்கும் நான்காவது துளைக்கும் நடுவில் பென்சில் தூக்காமல் ஓடி, நீங்கள் வரைந்த கிளாம்பின் குறுக்கே ஒரு கோடு விழும். ரப்பரால் அழித்துவிட்டு அந்த வரியைச் சேருங்கள்.